மொழி தெரியாத ஊரில் ஓர் ஆயர்: ஜாக் த வித்ரியின் கடிதங்கள்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

சிலுவைப்போர்க் காலத்துத் திருச்சபைத் தலைவர்களின் கடிதங்களை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது? ஆள் திரட்டவும் பணம் திரட்டவும் எழுதியவைதானே எல்லாம்? பாலஸ்தீனக் கடற்கரையில் இருந்த ஆக்ரே நகரின் ஆயர் ஜாக் த வித்ரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ப் போருக்கு ஆள் சேர்த்த பிரசங்கி. அவர் எழுதியதை எப்படி நம்புவது?

பிப்ரவரி 2, இரவு

பிரசங்கிதான். ஆள் சேர்த்தவர்தான். ஆனால் 1216 முதல் 1221 வரை அவர் எழுதி, நம் கைக்கு வந்திருக்கும் 7 கடிதங்களையும் வரிசையாகப் படித்தவர் யாரும் "எல்லாம் பிரச்சாரம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்க மாட்டார். ஆள் திரட்டுவது ஒன்றே குறி என்றால், தாம் ஆயராகப் போய் இறங்கிய கிறிஸ்தவ நகரத்தை, ஒன்பது தலைகள் ஒன்றோடொன்று சண்டையிடும் ஒரு கொடிய விலங்கு என்று எழுதுவாரா? அங்கே இரவும் பகலும் கொலை நடக்கிறது, கணவன் மனைவியின் கழுத்தை நெரிக்கிறான், மனைவி கணவனுக்கு விஷம் வைக்கிறாள், விஷம் விற்கவே ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதுவாரா? பாலியல் தொழில் நடத்தக் கூடுதல் வாடகைக்கு வீடு விடுகிறவர்களில் துறவிகளும் குருக்களும் உண்டு என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். இதைப் படித்துவிட்டு எந்தப் பிரெஞ்சு விவசாயி கப்பல் ஏறுவான்?

இன்னொன்று, இவை யாருக்குப் போயின என்று பாருங்கள். திருத்தந்தைக்குச் சில. பாரிஸில் தம்மோடு படித்த ஆசிரியர்களுக்குச் சில. இன்றைய பெல்ஜியத்தில் இருந்த பழைய நண்பர்களுக்கும், லுட்கார்ட் என்ற துறவிப் பெண்ணுக்கும் அவருடைய மடத்தாருக்கும் சில. ஒரே கடிதத்தின் பிரதிகள் வெவ்வேறு ஆட்களுக்கும் போயிருக்கின்றன. மேலதிகாரிக்கு எழுதும் மனிதனும் நண்பனுக்கு எழுதும் மனிதனும் ஒரே ஆள்தான் என்றாலும், பேச்சு மாறும். இவரிடம் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 3

முதல் கடிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது 1216 அக்டோபரில் ஜெனோவா துறைமுகத்திலிருந்து எழுதியது. கப்பல் ஏறக் காத்திருக்கிறார்.

அதற்கு முன் அவர் யார் என்று இரண்டு வரி. பாரிஸில் படித்தவர். சாம்ப்ர் ஆற்றுப் பக்கத்தில், ஒஞ்ஞி என்ற சிறிய மடத்தருகே வாழ்ந்த மரி என்ற பெண்ணின் புகழைக் கேட்டு, பெரிய நகரத்தை விட்டுவிட்டு அந்த மடத்தில் சேர்ந்துகொண்டார். மரி 1213இல் இறந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இவரே. கடிதத்தில் மரியை "என் தாய்" என்றே குறிப்பிடுகிறார். மரியின் விரல் ஒன்றைத் திருப்பண்டமாக, அதாவது புனிதரின் நினைவாகப் போற்றும் பொருளாக, கையோடு எடுத்துப் போகிறார்.

இத்தாலிக்குள் நுழைந்ததும் வெள்ளம் பெருக்கெடுத்த ஓர் ஆறு. பாலங்களையும் பாறைகளையும் அடித்துக்கொண்டு போகும் வெள்ளம். புத்தகங்கள் நிறைந்த பெட்டி ஒன்றை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மரியின் விரல் இருந்த இன்னொரு பெட்டிதான் தம் கோவேறு கழுதையை மூழ்காமல் தாங்கிப் பிடித்தது என்று எழுதுகிறார். புத்தகப் பெட்டி பிறகு மரங்களில் சிக்கிக் கிடைத்தது. எழுத்து கொஞ்சம் மங்கிப்போயிருந்தது, ஆனாலும் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. புத்தகங்களை அவர் தம் ஆயுதங்கள் என்கிறார். சாத்தான் அவற்றைத்தான் குறிவைத்தானாம். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த மனிதர் மீது பிரியம் வந்துவிடுகிறது. போர்க்களத்துக்குப் போகிறவர், நனைந்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார்!

பெருஜியா போய்ச் சேரும்போது திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் இறந்துவிட்டார். 1216 ஜூலை 16. உடல் இன்னும் அடக்கம் ஆகவில்லை. இரவோடு இரவாக யாரோ அதன் மேலிருந்த விலையுயர்ந்த ஆடைகளைத் திருடிக்கொண்டு போயிருந்தார்கள். ஐரோப்பிய அரசர்களை ஆட்டிவைத்த மனிதரின் உடல், ஏறக்குறைய நிர்வாணமாக, நாற்றமெடுத்துத் தேவாலயத்தில் கிடக்கிறது. உள்ளே போய்த் தம் கண்ணாலேயே பார்த்ததாக எழுதுகிறார். இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

மேலே விட்டுப்போனது. புதிய திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் இவரை அங்கேயே ஆயராகத் திருநிலைப்படுத்தினார். அந்த அரண்மனையில் வழக்கும் வியாபாரமும் அரசர்கள் விவகாரமுமே பேச்சு, ஆன்மிகம் பற்றி வாய் திறக்க ஆளில்லை என்று நொந்துகொள்கிறார். ஒரே ஆறுதல், ஊருக்கு வெளியே சொத்தெல்லாம் விட்டுவிட்டு வாழ்ந்த "சிறிய சகோதரர்கள்", "சிறிய சகோதரிகள்". அவர்களுடைய சபையை நிறுவிய அசிசி பிரான்சிஸ் அப்போது உயிரோடு இருக்கிறார். அந்தச் சபையைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதிய முதல் சாட்சியம் இந்தக் கடிதம்தான். சகோதரிகள் நகரங்களுக்கு அருகே விடுதிகளில் சேர்ந்து வாழ்கிறார்கள், யாரிடமும் எதையும் வாங்குவதில்லை, கை உழைப்பில் சாப்பிடுகிறார்கள் என்கிறார். பிரான்சிஸ்கன் வரலாறு எழுதுகிற எவரும் இந்தச் சில வரிகளைத் தாண்டிப் போக முடியாது.

ஜெனோவாவில் ஊர் ஆண்கள் ஒரு கோட்டையை முற்றுகையிட இவருடைய குதிரைகளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்த பெண்களுக்குப் பிரசங்கம் செய்தார். ஆண்கள் திரும்பி வந்து பார்த்தால் மனைவியும் பிள்ளைகளும் சிலுவைப்போருக்கு வாக்குக் கொடுத்து, அதன் அடையாளமாகச் சிலுவை அணிந்திருக்கிறார்கள். குதிரைகளும் திரும்பி வந்தன.

கப்பலில் ஐந்து இடங்களை வாடகைக்கு எடுத்ததையும் வரிசையாகச் சொல்கிறார். மேல்தளத்தில் பகலில் சாப்பிட, படிக்க ஓர் இடம். தோழர்களோடு இரவில் தூங்க ஓர் அறை. துணிமணியும் ஒரு வாரச் சாப்பாடும் வைக்க ஓர் அறை. வேலையாட்கள் தங்கிச் சமைக்க ஓர் இடம். குதிரைகளுக்கு ஓர் இடம். கப்பலின் அடியில் மூன்று மாதத்துக்கான திராட்சை மதுவும் காய்ந்த ரொட்டியும் இறைச்சியும்.

பிப்ரவரி 6

"ஒன்பது தலைகள் யார் யார்?"

இரண்டாம் கடிதம், 1217இன் வசந்தத்தில் எழுதியது. 1216 நவம்பர் தொடக்கத்தில் ஆக்ரேயில் இறங்குகிறார். எருசலேம் 1187இலேயே கைவிட்டுப் போயிருந்தது. சிலுவைப்போர் அரசுக்கு அப்போது ஆக்ரேதான் தலைநகரம். அந்த நகரத்தில் யாரும் இவர் பேச்சைக் கேட்கவில்லை. ஜெனோவா, பீசா, வெனிஸ் வணிகர்களுக்குத் தனித்தனிக் குடியிருப்பு, தனித்தனி உரிமை. ஆயருக்குத் தாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்கிறார்கள், பிரசங்கத்துக்கும் வருவதில்லை. இவரே அவர்கள் தெருவுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. யாக்கோபியர் என்ற கிழக்கத்திய கிறிஸ்தவர்களுக்குத் தனி ஆயர். கிரேக்க வழிபாட்டு முறையைப் பின்பற்றி அரபு பேசிய சிரியர்களுக்கும் தனி ஆயர். நெஸ்தோரியர், ஜார்ஜியர், ஆர்மேனியர் வேறு. உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த பிராங்கியர்களை, அதாவது மேற்கு ஐரோப்பிய வம்சத்தவர்களைத்தான் எல்லோரையும் விடக் கடுமையாகத் திட்டுகிறார்.

அவருடைய ஒரு நாள் இப்படிப் போகிறது. விடியலில் திருப்பலி. பிறகு நண்பகல் வரை பாவசங்கீர்த்தனம் கேட்பது. அப்புறம் சாப்பாடு, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பசியே எடுப்பதில்லை என்கிறார். பிறகு நோயாளிகளைப் பார்ப்பது. அதற்குமேல் விதவைகள், அநாதைகள் கொண்டுவரும் வழக்குகள். படிக்க நேரம் இல்லை. இரவில்தான் தமக்கென்று கொஞ்சம் ஜெபம். வெள்ளத்திலிருந்து மீட்ட புத்தகங்கள் பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

அதே கடிதத்தில் இருக்கும் இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியம். முஸ்லிம் அடிமைகள் கண்ணீரோடு ஞானஸ்நானம் கேட்கிறார்கள்; கிறிஸ்தவ எஜமானர்கள் தர மறுக்கிறார்கள். ஏனென்றால், அந்த நாட்டு வழக்கப்படி ஞானஸ்நானம் பெற்ற அடிமை விடுதலை கேட்கலாம். வேலைக்கு ஆள் போய்விடும். சிலுவை அணிந்து, விசுவாசத்துக்காகக் கடல் கடந்து வந்த சமூகம், தன் வீட்டு வாசலில் நிற்பவனுக்கு அதே விசுவாசத்தைத் தர மறுக்கிறது. இதை வெளியே சொன்னதில் ஆயருக்கு எந்த லாபமும் இல்லை. 1237இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையாகவே இருக்கலாம் என்று எழுதி எஜமானர்களைச் சமாதானப்படுத்தினார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிப்ரவரி 7

யாக்கோபியர் என்றதும் கேரளத்து யாக்கோபாயா சபையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூலம் ஒன்றுதான், அந்தியோக்கியாவின் சிரியத் திருச்சபை. ஆனால் கேரளத்தோடு அந்தத் திருச்சபையின் உறவு 1665இல்தான் தொடங்குகிறது. ஜாக் காலத்தில் மலபார்க் கிறிஸ்தவர்களுக்கு உறவு கிழக்குச் சிரியத் திருச்சபையோடு, அதாவது இவர் நெஸ்தோரியர் என்று அழைக்கிறவர்களோடு.

பிப்ரவரி 11

"சரி, தமக்கு எதிரான செய்தியை எழுதினார், ஆகவே உண்மை பேசினார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எல்லாவற்றையும் நம்பிவிடலாமா?"

நம்பக் கூடாது. எங்கே நம்புவது, எங்கே நிறுத்துவது என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. அது என் வேலையிலிருந்து வந்தது.

நான் பெல்ஜியத்தில் தஞ்சம் கேட்டு வரும் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நம் ஆள், நடுவில் நான். அதிகாரி கேள்வி கேட்டு முடித்ததும் நம் ஆள் என்னிடம் பதில் சொல்வார், ஆனால் கண் என் மேல் இருக்காது. அதிகாரியின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பார். பேனா ஓடினால் அதே திசையில் இன்னும் கொஞ்சம் சொல்வார். பேனா நின்றால் அவரும் நிறுத்திவிடுவார். இதில் பொய் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அதிகாரம் உள்ளவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதைத் தருவது, அதிகாரம் இல்லாதவரின் பழைய பழக்கம். மொழி தெரியாத அதிகாரிக்கு இது தெரியவே தெரியாது. அவர் கையில் இருப்பது தெளிவான ஒரு பதில்; அது எப்படி உருண்டு வந்தது என்பதை அறிந்தவர் நடுவில் இருப்பவர் மட்டும்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். ஜாக் அந்த நாட்டுச் சிரியர்களிடம் பேசியது மொழிபெயர்ப்பாளர் வழியாக. அவர்கள் கேட்டார்கள், அழுதார்கள், கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தார்கள். பிறகு ஆயரே எழுதுகிறார்: இவர்கள் ரோமைப் பின்பற்றும் லத்தீன் ஆயர்களுக்கு வாயளவில்தான் கீழ்ப்படிகிறார்கள், அதுவும் ஊர்ப் பிரபுக்களுக்குப் பயந்து, உள்ளுக்குள் லத்தீன் காரர்களைச் சபைநீக்கம் ஆனவர்களாகக் கருதுகிறார்கள். எவ்வளவு கூர்மையான கவனிப்பு! கேட்பவர் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் இவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே கடிதத்தில் கொஞ்ச தூரம் தள்ளி, முஸ்லிம் நாடுகளில் முஸ்லிம்களைவிடக் கிறிஸ்தவர்களே அதிகம், அவர்கள் தினமும் கண்ணீரோடு நம் உதவிக்குக் காத்திருக்கிறார்கள் என்று எழுதுகிறார். இதை யார் அவரிடம் சொல்லியிருப்பார்கள்? ஏறக்குறைய அதே ஆட்கள்தான், அதே மாதிரி நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு. அங்கே மட்டும் அவர் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது அவர் கேட்க விரும்பிய செய்தி.

என் அளவுகோல் இதுதான். அவர் கண்ணால் பார்த்ததையும் தம் மொழியில் கேட்டதையும் நம்புகிறேன். மொழிபெயர்ப்பின் வழியாக வந்து, அவருடைய ஆசைக்கும் பொருந்திப்போன செய்தி என்றால் நிறுத்திவிடுகிறேன்.

பிப்ரவரி 12

"மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்கிறீர்களா?" இல்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றாமல் தந்தாலும் இது நடக்கும். ஜாக்கின் மொழிபெயர்ப்பாளர் யார், பெயர் என்ன என்று கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. தீர், சீதோன், பெய்ரூட், திரிப்போலி என்று கடற்கரையோரமாகப் போய்ப் பிரசங்கம் செய்த பயணத்தில், ஆயர் பெற்ற வெற்றியில் பாதி அந்த ஆளுடையது. எதிரிகளுக்குப் பயந்து தூதரை அனுப்ப முடியாத இடத்தில் சிறகுக்கடியில் கடிதம் கட்டிப் புறாவை விட்டதைக்கூட எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்று தம் வாயாக இருந்தவரைப் பற்றி எழுதவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தொர்த்தோசாவைப் பற்றியும் ஒரு வரி. இன்றைய சிரியாவின் தார்தூஸ். அங்கிருந்த மாதா கோயிலுக்கு முஸ்லிம்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஞானஸ்நானம் பெறுவார்கள், பிள்ளை நோய்நொடியின்றி நெடுநாள் வாழும் என்ற நம்பிக்கையில். வேளாங்கண்ணிக்கு யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. ஜாக் இதை மனமாற்றத்தின் அறிகுறியாகப் பார்த்தார் என்றால், பெற்றவர்களின் மனத்தை அவர் கேட்டறியவில்லை என்றுதான் சொல்வேன்.

பிப்ரவரி 18

டாமியெட்டா. நைல் நதி கடலில் சேருமிடத்தில் இருந்த எகிப்தின் துறைமுக நகரம். எகிப்தைப் பிடித்தால் எருசலேம் தானாக வரும் என்ற கணக்கில் 1218இல் முற்றுகை தொடங்கியது. ஆயரும் படையோடு போனார். நதிக்குக் குறுக்கே சங்கிலி கட்டிக் காத்த கோபுரத்தை அந்த ஆகஸ்டில் பிடித்தார்கள். இரண்டு கப்பல்களைச் சேர்த்துக் கட்டி, மேலே மரக்கோட்டை எழுப்பி, அதிலிருந்து தாக்கினார்கள். அந்த மாதக் கடைசியில் சுல்தான் அல்-ஆதில் இறந்தார். எகிப்து மகன் அல்-காமில் கைக்கு வந்தது. குளிர்காலத்தில் முகாமில் நோய். ஈறு அழுகி, கால் கறுத்துச் செத்தார்கள். 1219 நவம்பர் 5 அன்று நகரம் விழுந்தது.

போர் விவரங்களை ஓடவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆறாம் கடிதத்தில், நண்பர்களுக்குப் போன பிரதியின் கடைசியில் இருக்கும் பகுதிக்கு வர வேண்டும்.

புனித மிக்கேல் மடத்தின் தலைவர் ரெய்னர், சிறிய சகோதரர்கள் சபையில் சேர்ந்துவிட்டார் என்று தொடங்குகிறார். அந்தச் சபை உலகமெங்கும் வேகமாகப் பரவுகிறது. அதை நிறுவியவர் நம் படைக்கு வந்தார். எதிரியின் படைக்குள் போகவும் அஞ்சவில்லை. சில நாட்கள் அங்கே இறைவார்த்தையைப் போதித்தார். பெரிய பலன் கிடைக்கவில்லை. எகிப்தின் சுல்தான், கடவுளுக்கு மிகவும் பிடித்த மதம் எதுவோ அதையே தான் பற்றிக்கொள்ளும்படி வேண்டிக்கொள்ளுமாறு இரகசியமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்து வருவது அவருடைய சொந்தக் குறை. தம் எழுத்தர், கோலின் என்ற ஆங்கிலேயர், அந்தச் சபைக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு பேர், மிக்கேலும் மத்தேயுவும் போய்விட்டார்கள். அந்த மத்தேயுவிடம்தான் ஒரு தேவாலயத்தையே ஒப்படைத்திருந்தார். பாடகர் குழுத் தலைவரையும் ஹென்றியையும் வேறு சிலரையும் பிடித்து வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருக்கிறது.

1216இல் பெருஜியாவில் இந்தச் சகோதரர்களை ஒரே ஆறுதல் என்று புகழ்ந்தவர் இவர்தான். இப்போது அதே சபை இவர் வீட்டை காலி செய்துகொண்டிருக்கிறது. பக்குவப்படாத இளைஞர்களையும் இருவர் இருவராக உலகமெங்கும் அனுப்புவது ஆபத்து என்று கவலைப்படுகிறார். ஆனாலும் பிரான்சிஸைப் பற்றி எழுதும்போது குரலில் மரியாதை குறையவே இல்லை. தம் ஆட்களை இழந்த கோபமும், இழந்தது நல்ல இடத்துக்குத்தான் என்ற ஒப்புதலும் ஒரே மூச்சில் வருகின்றன. பிரச்சாரம் இப்படி மூச்சு வாங்காது.

பிப்ரவரி 19

"பிரான்சிஸ் நெருப்பில் இறங்கத் தயார் என்று சவால் விட்டார், சுல்தான் மனம் மாறினார் என்று படித்திருக்கிறேனே?"

அவையெல்லாம் பிந்தைய காலத்துச் சபை எழுத்தாளர்களும் ஓவியர்களும் வளர்த்தது. அருகிலிருந்து எழுதிய ஜாக் சொல்வது "பெரிய பலன் இல்லை". அந்தச் சுருக்கமே அதன் மதிப்பு. சுல்தானின் இரகசிய வேண்டுகோளை மட்டும் நான் என் அளவுகோலில் நிறுத்தி வைக்கிறேன்: இரகசியம், அரபு மொழி, ஆயர் அந்தக் கூடாரத்தில் இல்லை. துறவியை மரியாதையோடு வழியனுப்ப எந்த அரசனும் இப்படி ஒன்றைச் சொல்வான்.

பிப்ரவரி 25

ஆயரை நான் அதிகமாகவே நேசிக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதிலாக ஆறாம் கடிதத்தின் இன்னொரு பகுதியைத் தருகிறேன்.

டாமியெட்டா விழுந்தபோது உள்ளே பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் இறந்து கிடந்தார்கள். உயிரோடு எஞ்சியவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். ஆயர் அவர்களில் பலரைப் பணம் கொடுத்தும் கேட்டும் வாங்கி, ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானஸ்நானம் பெற்ற கையோடு இறந்துபோனவர்கள் 500க்கும் மேல் இருக்கும் என்று அவரே கணக்குச் சொல்கிறார். பிழைத்தவர்களில் சிலரைத் தம்மோடு வைத்துக்கொண்டு, மற்றவர்களை வளர்த்துப் படிக்க வைக்கும்படி நண்பர்களிடம் கொடுத்தார்.

அவருக்கு இது இரக்கம். அந்த ஆன்மாக்களைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினார். ஆனால் அந்தக் குழந்தைகளின் தாய்தகப்பனைக் கொன்ற பசி, அவர் ஆசீர்வதித்த முற்றுகையால் வந்த பசி. அந்த இரண்டையும் அவர் ஓரிடத்திலும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. இந்தப் பகுதியை முதலில் வேகமாகக் கடந்து போனேன். இப்போது கடிதங்களிலேயே கனமான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது.

மார்ச் 4

ஏழாம் கடிதம், 1221 ஏப்ரல். தாவீது அரசர் கதை வருவது இதில்தான்.

நிலைமை இது. டாமியெட்டாவைப் பிடித்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. படை நகரவில்லை. எகிப்தை விட்டுப் போய்விட்டால் எருசலேமையே தந்துவிடுகிறேன் என்று அல்-காமில் முன்பே சொல்லியிருந்தார். எருசலேம் அரசர் என்ற பட்டத்தோடு இருந்த பிரியேனின் ஜான் ஏற்கலாம் என்றார். திருத்தந்தையின் தூதர் கர்தினால் பெலாஜியுஸ் மறுத்துவிட்டார். அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் கிழக்கிலிருந்து செய்தி வருகிறது: தாவீது என்ற கிறிஸ்தவ அரசர், பெரும்படையோடு பாரசீகத்தை நொறுக்கிக்கொண்டு வருகிறார், பாக்தாத்தை நெருங்கிவிட்டார், எருசலேமை மீட்க வருகிறார். அரபு மொழியில் வந்த அந்த விவரத்தை லத்தீனில் பெயர்த்து, ஜாக் தம் கடிதத்தில் முழுசாகச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். கூடவே சிரியக் கிறிஸ்தவர்கள் காட்டிய பழைய புத்தகம் ஒன்று. அதுவும் அரபு மொழியில். பேதுருவின் வெளிப்பாடுகளை அவருடைய சீடர் கிளமெந்து எழுதி வைத்ததாம். டாமியெட்டாவின் வீழ்ச்சி முதல் இஸ்லாத்தின் முடிவு வரை அதில் எழுதியிருந்ததாம்.

பாதி உண்மை. கிழக்கில் ஒரு படை உண்மையாகவே வந்துகொண்டிருந்தது. அது செங்கிஸ்கானின் மங்கோலியப் படை. பாரசீகத்தை ஆண்ட குவாரிஸ்ம் பேரரசு உண்மையாகவே நொறுங்கியது. தாவீது அரசர்தான் கிடையாது.

இங்கேதான் 1217ஆம் ஆண்டுக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன். "இவர்கள் அச்சத்தால் வாயளவில் பேசுகிறார்கள்" என்று தம் கையாலேயே எழுதியவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மக்கள் ஒரு தீர்க்கதரிசனப் புத்தகத்தை நீட்டுகிறார்கள், அதில் அவர் பல ஆண்டுகளாகப் பிரசங்க மேடைகளில் ஏங்கியதெல்லாம் இருக்கிறது, அவர் சந்தேகப்படவில்லை. ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் நம்பியிருக்கலாம். நூற்றாண்டுகளாக ஒடுங்கி வாழ்ந்தவர்கள் விடுதலைக் கதையை நம்பாமல் வேறு எதை நம்புவார்கள்? ஆனால் கொடுத்தவர்களுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் "இந்த விவரம் எங்கிருந்து வந்தது, யார் பார்த்தார்கள்?" என்று அரபு மொழியிலேயே திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

விளைவு உடனே வந்தது. ஜூலையில் படை நைல் ஓரமாகத் தெற்கே நகர்ந்தது. வெள்ளக் காலம். மன்சூராவுக்கு எதிரே எகிப்தியர்கள் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் சரணாகதி. செப்டம்பரில் டாமியெட்டா திரும்பப் போனது. தாவீதின் கதை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பெலாஜியுஸின் பிடிவாதம், ஜெர்மன் பேரரசரின் உதவி வரும் வரும் என்ற நம்பிக்கை, சுல்தானைப் பற்றிய தப்புக் கணக்கு எல்லாம் உண்டு. ஆனால் தயங்கி நின்றவர்களுக்குத் தைரியம் கொடுத்ததில் அந்தக் கதைக்குப் பங்கு உண்டு. அதற்கு ஆயரின் முத்திரையும் உண்டு.

மார்ச் 5

தாவீதை "இந்தியாவின் அரசர்" என்று அந்த அறிக்கை சொல்வதால் நம் சோழர்களோ பாண்டியர்களோ என்று ஒரு வாசகர் ஆர்வமாகக் கேட்டிருக்கிறார். தொடர்பு எதுவும் இல்லை. அன்றைய ஐரோப்பியருக்கு இந்தியா என்பது பாரசீகத்துக்கு அப்பால் தெரியாமல் கிடந்த எல்லா நிலத்துக்கும் பொதுப்பெயர். பிரஸ்டர் ஜான் என்ற கற்பனை அரசரையும் அங்கேதான் குடியேற்றி வைத்திருந்தார்கள். மங்கோலியர் பாக்தாத்துக்கு வரத்தான் செய்தார்கள், 1258இல். 1221இலேயே பாக்தாத்தை நெருங்கிவிட்டார்கள் என்று வாதாடுகிறவர்களுக்கு இது போதுமான பதில்.

மார்ச் 16

"1221க்குப் பிறகு கடிதங்கள் ஏன் இல்லை?"

நம் கைக்கு வந்து சேர்ந்தவற்றில் இல்லை. அவர் இன்னும் சில ஆண்டுகள் ஆக்ரே ஆயராகத்தான் இருந்தார். 1220களின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குத் திரும்பி, பதவியை விட்டார். 1229இல் ஒன்பதாம் கிரகோரி அவரைக் கர்தினால் ஆக்கினார். 1240இல் ரோமில் இறந்தார். அவர் விருப்பப்படி உடலை ஒஞ்ஞிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அவருடையது என்று போற்றிக் காத்த பொருட்கள் நமூர் நகர அருங்காட்சியகத்தில் ஒஞ்ஞிப் புதையலோடு இருக்கின்றன. வேலை விஷயமாக அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருவேன். அதில் வழிபாட்டில் ஆயர் அணியும் கூர்முனைத் தலைப்பாகை ஒன்று. பட்டிலும் தங்க இழையிலும் செய்ய வேண்டிய பொருளைத் தோல்தாளில் செய்திருக்கிறார்கள். எழுதுவதற்குப் பதப்படுத்தும் அதே மெல்லிய தோல், அதன் மேல் புத்தகத்தில் வரைவது போலவே வண்ண ஓவியம். புத்தகப் பெட்டியை ஆறு இழுத்தபோது துடித்த மனிதருக்கு மிகப் பொருத்தமான தலைப்பாகை. அதற்கு வேறு காரணம் எதுவும் கற்பிக்க நான் விரும்பவில்லை.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஏழு கடிதங்களையும் சேர்த்து லத்தீனில் 1960இல் ஹெய்கென்ஸ் பதிப்பித்தார், பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் கடிதங்கள் பெரும்பாலும் முற்றுகைச் செய்திகள், பிறகு படித்துக்கொள்ளலாம். முதல் கடிதத்தையும் இரண்டாவதையும் படித்துவிட்டு நேரே ஆறாம் கடிதத்துக்குப் போங்கள். ஏழாவதைப் படிக்கும்போது இரண்டாவதைத் திறந்தே வைத்திருங்கள். கேள்வியைத் தொடங்கிய நண்பர், படித்த பிறகும் எல்லாம் பிரச்சாரம்தான் என்று நினைத்தால், எந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றியது என்று எழுதட்டும். அந்தப் பக்கத்திலிருந்தே பேசுவோம்.